நண்டு எத்தனை மணிக்கு வரும்? ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலையும் வீடும்

2022 நவம்பரில் ஒரு நாள், மாலை நாலு மணி இருக்கும், எங்கள் கம்பெனியில் நண்டு உடைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். மறுநாள் காலை வந்தபோது சூப்பர்வைசர், "உங்க இடத்துக்கு ஆள் போட்டாச்சு" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். அந்த அக்கா ஆறு வருடமாக அதே மேசையில் உட்கார்ந்தவர், ஓட்டில் ஒரு இழை சதை மிச்சம் வைக்காதவர். நான் அங்கே வருகைப் பதிவேடும் கூலிக் கணக்கும் பார்த்தவள். அவர் பெயருக்கு நேரே கோடு போட்டதும் என் கைதான். அந்த நாள் ஏன் வந்தது, அதற்கு அப்புறம் ஒன்றரை வருடம் நாங்கள் என்னென்ன செய்து பார்த்தோம், எது நின்றது, எது கவிழ்ந்தது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். கம்பெனி பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிரச்சினை முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் நாட்டுப்படகுக்காரர்கள் நண்டு வலை போட்டு எடுக்கும் நீல நண்டு கரைக்கு வந்ததும் வேகவைக்கப்படும், ஆறவைக்கப்படும், அப்புறம் பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சின்னக் கத்தியால் ஓட்டைப் பிரித்துச் சதையை எடுப்பார்கள். உடம்பின் பெரிய வெள்ளைச் சதை தனி, உதிரிச் சதை தனி, கால் சதை தனி. அது டப்பாவில் அடைபட்டு அமெரிக்கா வரைக்கும் போகிறது. வெந்த நண்டு காத்திருக்காது, அன்றைக்கு வந்ததை அன்றைக்கே உடைத்துப் பனிக்கட்டியில் வைத்தாக வேண்டும். கூலி எடுத்த சதையின் எடைக்கு. உட்கார்ந்து காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது.

நண்டு எப்போது வரும் என்பது காற்றைப் பொறுத்தது. கச்சான் அடித்தால் ஒரு கடல், வாடை பிடித்தால் இன்னொரு கடல் என்று படகுகள் இடம் மாறும், எந்தத் துறையில் இறங்குகிறதோ அதைப் பொறுத்து வண்டி வரும் நேரமும் மாறும். அதனால் எங்கள் கம்பெனியில் வேலை நேரம் என்று ஒன்று சுவரில் எழுதி ஒட்டியிருந்ததே தவிர, நடப்பில் அது கிடையாது. காலை எட்டு மணிக்கு வாங்க என்பார்கள், பத்தரைக்கு நண்டு வரும். பதினொன்றுக்கு வாங்க என்பார்கள், இரண்டு மணி வரை கொட்டகையில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே போனால் செல்போன் கூடாது, சுத்தம் சம்பந்தமான விதி அது, வாசலில் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அந்த அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் மூன்றாம் வகுப்பு, சின்னவளுக்கு இரண்டரை வயது, பால்வாடிக்குப் போகிறாள். வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். இத்தனை வருடம் அந்த வீட்டை ஓட்டியது அவருடைய மாமியார்தான். பால்வாடிக்குக் கூட்டிப்போவது, திரும்ப அழைத்து வருவது, மருமகள் எட்டு மணிக்கு வந்தாலும் சோறு ஆக்கி வைத்திருப்பது எல்லாம் அந்தக் கிழவி. அந்த வருடம் செப்டம்பரில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த ஆள் பார்க்கப்பட வேண்டிய ஆளாகிவிட்டார், ஒரே நாளில் இரண்டு பக்கமும் கணக்கு மாறிவிட்டது. எங்கள் பதிவேட்டில் பெயரே இல்லாத ஒரு கிழவியின் உழைப்பின் மேல்தான் எங்கள் மேசையில் பாதி நின்றுகொண்டிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நவம்பரில் அந்த நாளில் பதினொன்றுக்குக் கூப்பிட்டார்கள், நண்டு வந்தபோது மணி இரண்டு. மூன்றரைக்குப் பால்வாடி முடிந்துவிட்டது. உதவியாளர் அம்மா போன் அடித்திருக்கிறார், போன் வாசல் பெட்டியில் கிடந்தது. அக்காவுக்குப் போன் வந்தது தெரியாது, மணி மட்டும் தெரியும். எழுந்து போய்விட்டார். மற்றவர்கள் அன்றைக்கு எட்டு மணி வரை இருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். சண்டை போடுவார் என்று நினைத்துத்தான் போனேன். அவர் சொன்னது இதுதான்: "லீவு குடுங்கன்னு நான் கேக்கல தங்கச்சி. எத்தனை மணிக்கு வரணும், எத்தனை மணிக்கு விடுவாங்கன்னு முந்துன நாளே சொல்லிட்டா, நான் யாரையாவது கெஞ்சி ஏற்பாடு பண்ணிட்டு வந்துருவேன். மணி தெரியாம யாரை நான் கெஞ்சுறது?"

இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த சட்டம், திட்டம் எல்லாவற்றையும் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எதுவும் நேராகப் பொருந்தவில்லை.

சட்டப் பக்கம் என்ன இருந்தது

மகப்பேறு நலச் சட்டம் 1961-ல் வந்தது, 2017 திருத்தத்தில் முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் ஆக்கினார்கள். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். தினக்கூலிக்கு இது கிடையாது என்று எங்கள் பக்கம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அது தப்பு. டெல்லி மாநகராட்சியின் மஸ்டர் ரோல் (தினக்கூலிப் பட்டியல்) பெண்கள் வழக்கில் 2000-லேயே உச்ச நீதிமன்றம் தினக்கூலிப் பெண்களுக்கும் உண்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் கட்டும் கம்பெனியாக இருந்தால் அந்த 26 வாரப் பணத்தை முதலாளி தன் கையிலிருந்து தர வேண்டியதுகூட இல்லை, இ.எஸ்.ஐ. தரும். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம், அவ்வளவுதான். "பிள்ளை பெறப் போறவளை வச்சா நமக்குச் செலவு" என்று பயப்படும் சின்ன முதலாளிகளிடம் நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன்.

ஆனால் பிள்ளைக்கு இரண்டரை வயது ஆனதும் சட்டம் கையை விட்டுவிடுகிறது. பாலூட்ட இரண்டு இடைவேளை என்பது பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரைதான். படுத்த படுக்கையான மாமியாருக்காகத் தனியார் வேலையில் விடுப்பு கேட்க நம் நாட்டில் அதற்கென்று தனிச் சட்ட உரிமை எதுவும் கிடையாது. மத்திய அரசு ஊழியப் பெண்ணுக்குப் பிள்ளை வளர்ப்பு விடுப்பு பணிக்காலத்தில் 730 நாள், தமிழ்நாடு அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 12 மாதம், நண்டு உடைக்கிறவருக்கு அது எதுவும் இல்லை. ஜப்பானில் குடும்பத்தில் ஒருவர் படுத்துவிட்டால், ஒருவருக்கு 93 நாள் வீதம் மூன்று தவணையாகப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டமே இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர்களுக்காக, ஆண் பெண் இருவருக்கும் சேர்த்து, 1981-ல் 156-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை.

பிள்ளைக் காப்பக விஷயம் இன்னும் வலிக்கிறது. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தில் 30 பெண்களுக்கு மேல் வேலை பார்த்தால் ஆறு வயதுக்குள்ளான பிள்ளைகளுக்குக் காப்பக அறை வைக்க வேண்டும் என்று இருந்தது. எங்கள் மேசைகளில் 44 பெண்கள். ஆனால் கம்பெனிப் பதிவேட்டில் 19 பேர், மீதிப் பேர் காண்ட்ராக்டர் நோட்டில். அதனால் நமக்குப் பொருந்தாது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள், நானும்தான். அப்புறம்தான் வாசித்துத் தெரிந்துகொண்டேன், அந்தச் சட்டத்தில் தொழிலாளி என்றால் காண்ட்ராக்டர் மூலம் வந்தவரும் சேர்த்திதான். 44 என்றால் 44-தான்.

அதே சட்டத்தில் பெண்களை மாலை 7 மணிக்கு மேல் வேலையில் வைக்கக் கூடாது என்றும் இருந்தது, கூடவே மீன் பதப்படுத்தும் ஆலைகளுக்கு மட்டும், சரக்கு கெட்டுப்போகாமல் இருக்கத் தேவைப்பட்டால், மாநில அரசு விலக்குக் கொடுக்கலாம் என்று ஒரு உட்பிரிவு. மீன் கெட்டுப்போகும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள். பால்வாடி வாசலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்காக ஒரு வரி எழுத அவர்களுக்குத் தோன்றவில்லை. இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதலாளியிடம் பேசியது

முதலாளி கெட்டவர் இல்லை, அவருடைய கவலை சதை எடை. அதனால் அந்த வழியிலேயே போனேன். முந்தைய ஒரு வருடப் பதிவேட்டை எடுத்து, வேலையை விட்டுப் போனவர்கள் ஒவ்வொருவருக்கும் நேரே காரணத்தைப் பென்சிலால் எழுதினேன். கூலி போதாமல் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலானவர்கள் பிள்ளை, பிரசவம், படுக்கையில் கிடக்கும் அப்பா அம்மா என்று வீட்டுக் காரணத்துக்காகப் போனவர்கள். போனவர்கள் எல்லாம் கை தேர்ந்தவர்கள். அவர்கள் இடத்துக்கு வந்த புதுப் பிள்ளைகள் ஓட்டோடு எவ்வளவு சதையைத் தூக்கிப் போடுகிறார்கள் என்பதைக் குப்பைக் கூடையைக் கொட்டி எடைபோட்டுக் காட்டினேன். அந்தக் கூடைதான் அவரை மாற்றியது, என் பேச்சு இல்லை.

சரி, என்ன செய்யலாம் என்றார். நாங்கள் கேட்டது நாலு விஷயம். நேரத்தை முன்கூட்டிச் சொல்வது, அவசரத்துக்குப் போன், ஒரு இடத்தை இருவர் பகிர்ந்துகொள்வது, பிள்ளைகளுக்கு ஒரு அறை. ஐந்தாவதாகக் காத்திருக்கும் நேரத்துக்குப் படி கேட்டோம், அதற்கு முடியாது என்றார், கடைசி வரைக்கும் முடியாது என்றுதான் சொன்னார்.

நேரம் சொல்வதுதான் எல்லாவற்றிலும் சுலபமாக இருந்தது, பலனும் அதில்தான் அதிகம். நண்டு வரும் நேரம் யாருக்கும் தெரியாது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தது முழு உண்மை இல்லை. எத்தனை வள்ளம் வலை போட்டிருக்கிறது என்று படகுக்காரர்களுக்கு முந்தைய நாளே தெரியும், காற்று எப்படி என்றும் தெரியும். காலை ஆறு ஆறரைக்குத் துறையில் கூடை எண்ணிக்கையும் தெரிந்துவிடும். கம்பெனி வாங்கும் ஆளுக்கு அது போனில் வந்துவிடும், அங்கிருந்து பெண்களுக்கு வராது, அவ்வளவுதான் இடைவெளி. இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி, நாளைக்கு வேலை உண்டா, உண்டென்றால் முற்பகலா பிற்பகலா. காலை ஆறரைக்கு இன்னொன்று, சரியாக எத்தனை மணிக்கு, ஏறத்தாழ எத்தனை மணிக்கு முடியும். வாசிக்கத் தெரியாதவர்களும் உண்டு என்பதால் எழுத்து வேண்டாம், குரல்தான். ஆரம்பத்தில் பாதி நாள் தப்பானது. இரண்டு மூன்று மாதத்தில் தப்புவது குறைந்தது, ஏனென்றால் தப்பினால் 44 பேர் கேள்வி கேட்பார்கள் என்று வாங்கும் ஆளும் கவனமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

போன் விஷயத்துக்கு ஒரு காசும் ஆகவில்லை. ஆபீஸ் போன் நம்பரைப் பள்ளிக்கூடத்துக்கும் பால்வாடிக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்துவிட்டோம். அழைப்பு வந்தால் நான் கண்ணாடிச் சன்னலில் தட்டுவேன். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் ஆறு வருடம் ஆனது என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு பொறுக்கவில்லை.

அந்த அக்கா டிசம்பரில் திரும்பி வந்தார், ஜோடி முறையில். பக்கத்துத் தெரு மதினி ஒருவரும் அவரும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள், ஒருவர் மேசையில் இருக்கும்போது மற்றவர் இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் கிழவியையும் பார்ப்பார். இப்படி ஆறு ஜோடி ஆனது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் இதில் ஒரு பள்ளம் இருந்ததை நான் பிந்தித்தான் கவனித்தேன். தொழிற்சாலைச் சட்டப்படி வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தால்தான் சம்பளத்தோடு விடுப்பு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம். ஜோடியில் இருப்பவர்கள் அந்த 240-ஐ எப்படித் தொட முடியும்? வீட்டைப் பார்ப்பதற்காக நாளைக் குறைத்துக்கொண்டவருக்கே விடுப்பு இல்லாமல் போனது. போனஸுக்கு 30 நாள் போதும் என்பதால் தீபாவளிக்குத் தப்பித்தார்கள். 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடப்புக்கு வந்ததில் அந்த 240 இப்போது 180 ஆகியிருக்கிறது, ஜோடிக்காரர்களுக்கு அதுவும் எட்டாதுதான், கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கிறது. அதே தொகுப்பில் காப்பகத்துக்கான எல்லை 30 பெண்கள் என்பதிலிருந்து மொத்தம் 50 பேர் என்று மாறிவிட்டது. எங்கள் மாதிரிச் சின்ன இடங்களில் அதைவிடக் குறைந்த ஆட்கள் இருந்தால் கேட்க வழியில்லை.

பிள்ளை அறை கவிழ்ந்தது

அறை கொடுத்தார், பாய் வாங்கிப் போட்டார், மின்விசிறி மாட்டினார். மூன்று மாதம்கூட ஓடவில்லை. பிள்ளைகளை யார் பார்ப்பது? முறை வைத்து ஒருவர் பார்க்கலாம் என்றால் அன்றைக்கு அவருக்குச் சதை இல்லை, சதை இல்லாவிட்டால் கூலி இல்லை. முதல் மாதம் ஒருவருக்கொருவர் உதவி என்று பார்த்தார்கள், அப்புறம் யாருக்கும் முறை வேண்டாம் என்றாகிவிட்டது. நூறு நாள் வேலையில், 2005 சட்டத்திலேயே, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு பெண்ணைப் பிள்ளை பார்க்கவே நியமித்து அவருக்கும் அதே கூலி கொடுக்க வேண்டும் என்று இருந்தது. கண்மாய்க் கரையில் புளிய மரத்தடியில் ஒரு பாட்டி பிள்ளைகளோடு உட்கார்ந்து கூலி வாங்கியதை எங்கள் பெண்களே பார்த்திருக்கிறார்கள். மண் வெட்டும் இடத்தில் நடந்தது டப்பா ஏற்றுமதி செய்யும் இடத்தில் நடக்கவில்லை. அதோடு வேகவைக்கும் நீராவி வாடை அந்த அறைக்குள் வந்துகொண்டே இருந்தது, இரண்டு பிள்ளைகளுக்குச் சளி பிடித்ததும் தாய்மார்களே நிறுத்திவிட்டார்கள்.

அவர்கள் கேட்டது பால்வாடி ஆறு மணி வரை இருக்க வேண்டும் என்பது. வீட்டுக்குப் பக்கத்தில், தெரிந்த ஆயாவிடம் பிள்ளை இருந்தால் போதும். மத்திய அரசின் பால்னா திட்டத்தில் அங்கன்வாடியையே காப்பகமாகவும் நடத்த இடம் இருக்கிறது, ஆறு மாதக் குழந்தை முதல் ஆறு வயது வரை. அதைச் சொல்லி மனு எழுதினோம், 31 பேர் கையெழுத்தும் கைநாட்டும் போட்டோம்.

இதற்கு நடுவில் எங்களுக்கு நிஜமாகவே நேரம் கொடுத்தது, யாரும் வேலை குடும்பச் சமநிலைத் திட்டம் என்று பெயர் சூட்டாத ஒன்று. 2023 ஆகஸ்ட் 25 முதல் தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளிலும் காலை உணவு போட ஆரம்பித்தார்கள். அந்த அக்காவின் மூத்தவன் பள்ளியில் சாப்பிட ஆரம்பித்ததும் காலையில் முழுதாக முக்கால் மணி நேரம் மிச்சமானது. ஆறரை மணிக் குரல் செய்தியைக் கேட்டுவிட்டு எட்டு மணிக்கு அவரால் வர முடிந்ததே அதனால்தான். மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து கிழவிக்குக் கை கால் பயிற்சி சொல்லிக் கொடுத்ததும் அப்படித்தான், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலையும் நாள் மிச்சம். மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை, கிழவிக்கு 1,200 ரூபாய் உதவித்தொகை, இவை பணமாக உதவின. ஆனால் பணம் மூன்றரை மணிக்குப் பால்வாடி வாசலில் போய் நிற்காது.

ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு கரையில் நிற்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். நாட்டுப்படகுக்குத் தடை இல்லாததால் நண்டு வரும், பெண்களுக்கு வேலை உண்டு. பள்ளியும் பெரும்பாலும் விடுமுறை. வருகைப் பதிவேட்டில் அந்த இரண்டு மாதத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தேன், எல்லாரும் ஒழுங்காக வந்திருப்பார்கள் என்று எதிர்பார்த்து. சில வீடுகளில் அப்படித்தான். சில பெண்கள் மற்ற மாதங்களைவிட அதிகமாக வராமல் இருந்திருக்கிறார்கள். கேட்டால், "ஆம்பளை வீட்ல இருந்தா மூணு வேளையும் சுடச்சுட ஆக்கணும்ல" என்றார் ஒருவர். 2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்தவர்களை மட்டும் எடுத்தால், பெண்கள் ஒரு நாளில் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் பெண்கள் 289, ஆண்கள் 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்ததும் ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. தந்தைக்கு விடுப்பு மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு, தனியாருக்குச் சட்டம் இல்லை. ஆனால் இந்தக் கரையில் ஆண்களுக்கு 61 நாள் கையில் இருக்கிறது. அந்த அக்காவின் வீட்டுக்காரர் 2023 தடைக் காலத்தில் தன் அம்மாவைக் குளிப்பாட்டிவிடக் கற்றுக்கொண்டார். மகளைப் பால்வாடியில் விட்டுக் கூட்டியும் வந்தார். தடை முடிந்து கடலுக்குப் போனதும், படகு இல்லாத நாள்களில் அதை விடவில்லை. வாரத்தில் மூன்று நாள்தான் விசைப்படகு போகும், மற்ற நாள்களில் ஜோடி மதினிக்கு ஓய்வு.

நான் 2024-ல் அங்கிருந்து வந்துவிட்டேன். பிள்ளை அறையில் இப்போது தெர்மாகோல் பெட்டி அடுக்கியிருக்கிறார்கள். பால்வாடி இன்னும் மூன்றரைக்குத்தான் முடிகிறது. ஆறு ஜோடி நாலு ஆகியிருக்கிறது. காண்ட்ராக்டர் மாறியபோது ஒரு வாரம் இரவுச் செய்தி நின்றுபோனது, பெண்கள் படகுக்காரர்களின் வீட்டுப் பெண்களுக்கே போன் போட்டு எத்தனை வலை போயிருக்கிறது என்று கேட்டு, தாங்களே குரல் பதிவு செய்து குழுவில் போட்டிருக்கிறார்கள். இப்போது செய்தி போடுவது அந்த அக்காதான். என்னைக் குழுவிலிருந்து யாரும் நீக்கவில்லை, இரவு எட்டு மணிக்கு எனக்கும் வருகிறது: "நாளைக்கு நண்டு உண்டு. பதினொன்னுக்கு வாங்க, அஞ்சுக்கு முடிஞ்சிரும். பால்வாடிக்குப் போக ஆள் இல்லாதவங்க இப்பவே சொல்லுங்க."